பயிற்சி நிதி: மாணவருக்கு உண்டு, தொழில்முனைவோருக்கு உண்டு, பணியிலிருக்கும் சிகிச்சையாளருக்கு?

வேலையின்போது கட்டைவிரலை இழந்த தொழிலாளியின் உழைப்புத்திறன் 30 விழுக்காடு குறைந்துவிட்டதாக 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை கணக்கிட்டது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 விழுக்காடு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பவர் பிரஸ் பட்டறைகளில் கை நசுங்கியவர்களுக்காக வழக்காடும் எவருக்கும் இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கும்.

இழப்பை அளக்கச் சட்டம் இருக்கிறது. எஞ்சிய விரல்களைக் கொண்டு சட்டைப் பொத்தானைப் போடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும், ஸ்பானரை மீண்டும் பிடிக்கவும் அந்தத் தொழிலாளிக்குக் கற்றுத்தருபவர் யார்? ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அரசு ஆவணங்களில் இத்துறை தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை எனப் பலவாறாகக் குறிக்கப்படுகிறது. பக்கவாதத்தில் கை விழுந்தவர், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தை, ஆட்டிச நிலையிலுள்ள சிறுவன், நெடுநாள் மனநோயிலிருந்து மீள்பவர் ஆகிய எல்லோருக்கும் அன்றாட வாழ்வின் செயல்களை மீட்டுத்தருவதே இவர்களின் பணி.

இந்தப் பணியில் பட்டப்படிப்போடு கல்வி முடிவதில்லை. கைக்காயங்களுக்கான சிறப்புச் சிகிச்சை, ஸ்பிளிண்ட் தயாரித்தல், புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை, பக்கவாத மறுவாழ்வு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சிகள் உள்ளன. அவற்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்பு நாள்களின் ஊதியத்தை இழக்க வேண்டும். தலித் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாக இத்துறைக்கு வந்தவர்களுக்கு இந்தச் செலவை ஏற்கும் நிதி எங்கே இருக்கிறது, அதை எவ்வாறு கோருவது, ஏன் அது கைக்கு எட்டாமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நாம் வந்தடையும் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம்: நிதி இருக்கிறது. ஆனால் அதன் விதிகள் தலித்தை மாணவராகவோ கடன் பெறும் தொழில்முனைவோராகவோ மட்டுமே காண்கின்றன. பணியிலிருந்துகொண்டே தன் திறனை வளர்க்க விரும்பும் தலித் வல்லுநர் அந்த விதிகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு தொழில்

இந்தியாவில் இத்துறையின் முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்கர் தொடங்கினார். 1952இல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வளவு பழைய துறைக்குத் தேசிய அளவில் சட்டப்படியான ஒழுங்குமுறை ஆணையம் கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர், செயற்கை உறுப்புப் பொறியாளர் முதலியோரைப் பட்டியலிட்டது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. குழுமத்தில் பதிவு செய்தோர் பதிவைப் புதுப்பிக்கத் தொடர் மறுவாழ்வுக் கல்வியில் புள்ளிகள் பெற வேண்டும். அதற்கான பயிற்சிகளைத் தேசிய நிறுவனங்கள் நடத்துகின்றன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், பூந்தமல்லியிலேயே பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. ஆயினும் அந்தப் புள்ளி முறை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்காக அமைந்ததன்று. கட்டாயம் இல்லாத இடத்தில், அந்தக் கட்டாயத்தை நிறைவேற்றுவதற்கான நிதியும் பிறப்பதில்லை.

2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டம் இவர்களைத் தன் அட்டவணையில் சேர்த்தது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கான குழுமத்தை அமைக்க வேண்டும் என்றது. சட்டம் வந்த பிறகும் நடைமுறை ஊர்ந்ததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதித்து அதைச் செயல்படுத்த ஆணையிட்டது. இந்தச் சட்டப்படியான பதிவு, நிதி கோரும் ஒருவருக்கு மிக முக்கியமான ஆவணம். ‘நீங்கள் யார், உங்கள் தொழிலை எந்தச் சட்டம் ஏற்கிறது’ என்று கேட்கும் அலுவலகத்துக்கு அதுவே விடை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி. இங்கிலாந்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் தொடர்ந்து கற்பது பதிவுக்கான நிபந்தனை. அங்கே அரசு மருத்துவச் சேவையில் பணியாற்றும் செவிலியர், பேறுகால உதவியாளர், இவர்களைப் போன்ற சிகிச்சையாளர் ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுகளில் 1,000 பவுண்டு பயிற்சி நிதி என 2019இல் அறிவிக்கப்பட்டது. கற்பதைக் கடமையாக்கும் அரசு, கற்பதற்கான செலவில் பங்கேற்பதையும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும் என்ற கொள்கையே அதன் அடிப்படை.

கதவுகளும் அவற்றின் பூட்டுகளும்

ஆவடியில் குடியிருந்து, அம்பத்தூரில் உள்ள ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் மாதம் 21,000 ரூபாய் ஊதியத்தில் பணிபுரியும் தலித் பெண் சிகிச்சையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கைக்காயச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற அவர் விரும்புகிறார். அவர் தட்டக்கூடிய கதவுகள் எவை?

முதலாவது, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. முதுநிலைப் பட்டம் படிக்க விரும்பினால் இதைக் கோரலாம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் திரும்பப் பெறவியலாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இப்போது விலக்கப்பட்டுள்ளனர் என்பதை மறக்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,52,000 ரூபாய். குடும்பத்தில் ஒரே ஒருவர் இந்த ஊதியம் பெற்றாலே உச்சவரம்பை 2,000 ரூபாயில் தாண்டிவிடுகிறது. அதே 21,000 ரூபாய்தான் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பு. அதாவது, காப்பீட்டுச் சட்டத்தின் பார்வையில் பாதுகாப்பு தேவைப்படும் குறைந்த ஊதியத் தொழிலாளி, உதவித்தொகை விதியின் பார்வையில் வசதி படைத்தவர். மேலும், சில நாள் அல்லது சில வாரப் பயிற்சிகள் இத்திட்டத்துக்குள் வருவதே இல்லை.

இரண்டாவது, வெளிநாட்டுக் கல்வி. 1954–55 முதல் நடைமுறையிலுள்ள தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. வயது 35க்குள் இருக்க வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருக்க வேண்டும். 2025–26ஆம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் முதற்கட்டமாக 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேர் நிதி இருப்பைப் பொறுத்துக் காத்திருக்கச் சொல்லப்பட்டனர். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் இதனுடன் இணையாக முயல வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி மற்றொன்றின் காலக்கெடுவைத் தவறவிடுவது கூடாது. ஆனால் இவ்விரண்டும் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கானவை. பணியை விட்டு ஓரிரு ஆண்டுகள் விலக முடியாதவருக்கு இவற்றால் பயனில்லை.

மூன்றாவது, 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதாரத் தொழில்முனைவுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியமும், கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. சொந்தமாகச் சிகிச்சை மையம் தொடங்க விரும்புவோர் இதைப் பயன்படுத்தலாம். பயிற்சிக் கட்டணத்தைத் தனிச் செலவாக இத்திட்டம் ஏற்காது. மையம் அமைப்பதற்கான திட்ட அறிக்கையில் கருவிகளோடு பயிற்சிச் செலவையும் ஒரு தலைப்பாகச் சேர்த்து மாவட்ட மேலாளரிடம் வாதாட இடமுண்டு.

நான்காவது, தொழில்சார் அமைப்புகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும். அகில இந்தியச் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. உலகக் கூட்டமைப்பின் மாநாடு 2022இல் பாரிசில் நடந்தது. 2026ஆம் ஆண்டுக்குப் பாங்காக் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெளிநாட்டு மாநாட்டில் ஆய்வுக்கட்டுரை ஏற்கப்பட்டவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பயண உதவி உண்டு. ஆனால் ஆய்வுக்கட்டுரை எழுத நூலகமும் வழிகாட்டியும் நேரமும் வேண்டும். நாள் முழுதும் நோயாளிகளைப் பார்க்கும் தனியார் மையப் பணியாளருக்கு இவை மூன்றும் அரிது.

ஐந்தாவது, பணியளிப்பவர். தேசிய நலவாழ்வுக் குழுமம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், உலக வங்கி நிதியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் ஆகியவற்றில் பணியாற்றுவோர், பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து தமக்கும் பங்கு வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் பயிற்சி கிடையாது என்ற வாய்மொழி மறுப்பை ஏற்கத் தேவையில்லை.

மாவட்ட எல்லை என்னும் சுவர்

மேற்குப் புறநகரில் வாழ்வோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆன பிறகும் மாவட்டம் மாறவில்லை. ஆகவே நாம் எடுத்துக்கொண்ட சிகிச்சையாளர் வேலை செய்வது சென்னை மாவட்டத்தில். ஆனால் சான்றிதழ்களுக்கும் தாட்கோவுக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் அவர் செல்ல வேண்டியது திருவள்ளூர். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் ஊதியம். தவறான மாவட்டத்தில் கொடுத்த விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடந்து திரும்பி வருவதைக் காட்டிலும், குடியிருப்பு முகவரியின் வட்டம் எது என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை வழியாக முன்கூட்டியே பெற்று வைக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பதால், விண்ணப்பத்தின் கடைசி நாளை மனத்தில் கொண்டு அதைப் புதுப்பிக்க வேண்டும்.

கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்தினர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையையே உறுதிசெய்தது. எனவே ஒன்றிய அரசின் திட்டங்கள் இவர்களுக்கு மூடியுள்ளன. தமிழ்நாடு அரசின் சில கல்வி உதவித் திட்டங்கள் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அத்திட்டத்தின் அரசாணையில் இந்தச் சொற்றொடர் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

தொடும் தொழிலும் சாதியை வெளிப்படுத்தும் அச்சமும்

ஆக்குபேஷனல் தெரபி தொடுதலால் நடக்கும் தொழில். நோயாளியின் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, உண்ணவும் உடுத்தவும் குளிக்கவும் பழக்குகிறவர் இவர். தீண்டாமை எந்தச் செயலைக் குற்றமாக்கியதோ, அந்தச் செயலே இங்கு மருத்துவம். ஆகவே தன் சாதி பணியிடத்தில் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இத்துறையிலுள்ள தலித்துகளுக்கு வெறும் கற்பனையன்று. சாதி அடிப்படையிலான நிதிக்கு விண்ணப்பிக்க ஊதியச் சான்றும் தடையின்மைச் சான்றும் நிர்வாகத்திடம் கேட்க நேரும்போது, நோக்கத்தையும் சொல்ல வேண்டிவருகிறது. அதனாலேயே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவோர் உண்டு.

இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. ஒன்று, நடைமுறை சார்ந்தது. வருமானத்துக்கு வட்டாட்சியர் வழங்கும் சான்றே போதுமான இடங்களில் நிர்வாகத்தின் கடிதத்தைத் தேடிப் போக வேண்டாம். கடிதம் தேவைப்பட்டால் ‘உயர்கல்வி உதவிக்காக’ என்று மட்டும் குறிப்பிட்டுக் கோரலாம். திட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மற்றொன்று, சட்டம். பட்டியல் சாதியினர் ஒருவர் எந்தத் தொழிலையும் செய்வதை, எந்தப் பணியிலும் சேர்வதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவின்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைச் சேர்த்தது. சாதி தெரிந்த பிறகு நோயாளிகளை ஒதுக்காமல் வைத்திருப்பது, பயிற்சிக்கான பரிந்துரையை மறுப்பது போன்றவை நடந்தால் தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை

நிதி கோரும் விண்ணப்பம் இரக்கம் கோரும் மனு ஆகிவிடக் கூடாது. குடும்ப வறுமையை இரண்டு பக்கம் எழுதி, பயிற்சியைப் பற்றி இரண்டு வரி எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வறுமைக்கு வருமானச் சான்றிதழே சாட்சி. விண்ணப்பம் பேச வேண்டியது தேவையைப் பற்றி.

முதலில், கடந்த ஆறு மாதங்களில் தாம் பார்த்த நோயாளிகளை வகைப்படுத்திக் காட்ட வேண்டும்: கைக்காயம் எத்தனை, பக்கவாதம் எத்தனை, குழந்தைகள் எத்தனை. பெயர்களோ அடையாளங்களோ கூடாது; எண்ணிக்கை போதும். அடுத்து, எந்தச் சிகிச்சையைத் தற்போதைய பயிற்சியைக் கொண்டு தர இயலவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பின்னர், பயிற்சியின் பெயர், நடத்தும் நிறுவனம், மொத்த மணிநேரம், சான்றிதழின் ஏற்புநிலை. செலவைக் கட்டணம், பயணம், தங்குமிடம், பொருள்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு செலவு, பயிற்சி நாள்களில் இழக்கும் ஊதியம். அதையும் சேர்க்க வேண்டும். இறுதியாக, பயிற்சி முடிந்து திரும்பியதும் என்ன செய்யப்போகிறோம் என்பது: எத்தனை பேருக்குச் சிகிச்சை, உடன் பணியாற்றும் எத்தனை பேருக்குக் கற்பித்தல், எந்தப் பகுதியில் முகாம்.

மறுக்கப்பட்டால், பதில் வராவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பலாம். 30 நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேட்க வேண்டிய கேள்விகள் துல்லியமாக இருக்கட்டும்: விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்குச் சென்றது? கடந்த மூன்று ஆண்டுகளில் பயிற்சித் தலைப்பில் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? பயனடைந்தோரில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்?

அரசை நோக்கிக் கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 47ஆம் பிரிவு, அச்சட்டப் பணிகளுக்கான பணியாளர்களின் தேவையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து, அவர்களைத் தேர்வு செய்யவும் பயிற்றுவிக்கவும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அரசைப் பணிக்கிறது. சட்டம் 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் முதல் ஐந்தாண்டு முடிந்தது. அந்த ஆய்வறிக்கையின் நகலைக் கேட்போம். அதில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் தேவை எவ்வளவு என்று கணக்கிடப்பட்டுள்ளது? 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நடக்கக் கற்ற பக்கவாத நோயாளி தானே உண்ணவும் உடுத்தவும் கற்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எப்போது அதே வாசலுக்கு வருவார்?

நாம் முன்வைக்கும் கோரிக்கை

தனி மனிதர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பது தீர்வாகாது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு என்கிறது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதியை ஒதுக்கவும் செலவிடவும் 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தச் சட்டத்தின் கீழ் மருத்துவத் துறைக்கு வரும் நிதியில், பணியிலிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி நலவாழ்வு வல்லுநர்களுக்கான தொடர்கல்வி நிதி ஒன்றைத் தனித் தலைப்பாக உருவாக்க வேண்டும். குறுகியகாலப் பயிற்சிகளையும் அது ஏற்க வேண்டும். இழந்த ஊதியத்தை ஈடுசெய்ய வேண்டும். ஒப்பந்தப் பணியாளரையும் தனியார் பணியாளரையும் உள்ளடக்க வேண்டும். வருமான உச்சவரம்பு, அயல்நாட்டுத் திட்டத்தில் உள்ளதைப் போல 8 லட்சமாக இருக்க வேண்டும். நிர்வாகத்தின் பரிந்துரை இன்றி நேரடியாக விண்ணப்பிக்க வழி வேண்டும்.

பரோடா அரசின் உதவித்தொகை 1913இல் அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. 1917இல் அதன் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப வைத்ததும் அதே உதவித்தொகையின் விதிதான். மூன்றாண்டு உழைத்துச் சேர்த்த பணத்துடனும் கடனுடனும் 1920இல் அவர் மீண்டும் கப்பலேறினார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தலித் வல்லுநர்கள் தம் படிப்பைக் கடனால் முடிக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

மாநில நிதிநிலை அறிக்கை ஆண்டின் தொடக்க மாதங்களில் தாக்கலாகிறது. துறைகளின் கோரிக்கைகள் அதற்குப் பல மாதங்கள் முன்பே தயாராகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பணியாற்றும் சிகிச்சையாளர்களும், இத்துறையில் பயிலும் மாணவர்களும், தொழிற்சங்கங்களும், மாற்றுத்திறனாளி அமைப்புகளும் கூட்டாகக் கையெழுத்திட்டு, ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரே மனுவை அந்த மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். மூன்று துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டித் தப்பிக்காமல் இருக்க, மனுவின் ஒவ்வொரு நகலிலும் மற்ற இரண்டு துறைகளின் பெயரும் இருக்கட்டும்.